அக்காவின் அடையாள அட்டை

என் அக்கா பிஸ்கட் ஃபேக்டரியில் வாசல் காவல். அவளுடைய அடையாள அட்டைக்குப் போட்டோ எடுத்தது நான்தான். புதுக் கேமரா வாங்கிய திமிர். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றேன். மூணுக்குச் சரியாக அவள் கண்ணை மூடினாள். அதை நானும் கவனிக்கவில்லை, ஆபீஸிலும் எவரும் கவனிக்கவில்லை. கவனித்தது வாசலில் புதிதாக மாட்டிய, அட்டைப் படத்தோடு முகத்தை ஒத்துப் பார்த்துக் கதவு திறக்கும் மெஷின் மட்டும்தான்.

கண்ணைத் திறந்துகொண்டு நின்றால் அது அவளை யாரோ என்று விரட்டியது. மூடிக்கொண்டு நின்றால் உடனே திறந்தது. அக்காவும் தினம் கண்ணை மூடி, சுவரைத் தடவித் தடவி உள்ளே போனாள். மேனேஜர் ஒருநாள் பார்த்துவிட்டார்.

"தூங்கிக்கிட்டே வர்ற ஆளையா காவலுக்கு வெச்சிருக்கோம்? இந்த வாரத்துக்குள்ள கண்ணு திறந்த போட்டோ வரலைன்னா வேற வேலை பார்த்துக்கோம்மா."

வீடு ஓடுவதே அவள் சம்பளத்தில். போட்டோ எடுக்கும் ஆரம்பப் பாடங்கள் எல்லாவற்றையும் போனில் உட்கார்ந்து பார்த்தேன். ஃபிளாஷ் போடாதே, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும், எண்ணாதே, எதிரில் இருப்பவரிடம் பேச்சுக் கொடு.

அவளுடைய லீவு நாளில் ஜன்னலோரம் உட்கார வைத்தேன். என் விரல் பட்டனைத் தொடும் முன்பே அவள் இமை விழுந்தது. ஒவ்வொரு தடவையும்!

"எப்படிக்கா கரெக்டா மூடுற?"

"எனக்கென்னடா தெரியும்? தானா மூடிக்குது."

பேச்சுக் கொடுத்தேன். "உள்ளதைச் சொல்லணும்னா, உனக்குப் போட்டோ முகமே கிடையாதுக்கா."

"என்னடா சொன்ன, தண்டச்சோறு! என் காசுல கேமரா வாங்கி எனக்கே..."

அழுத்தினேன். கண் திறந்திருந்தது. வாயும்தான். புருவம் நெற்றி நடுவில் இருந்தது. ஆனால் வெளிச்சம் பிரமாதம். மேனேஜர் படத்தைப் பார்த்து ஓரடி பின்வாங்கி, "காவல்னா இப்படி இருக்கணும்" என்றாராம்.

மறுநாள் மெஷினுக்குச் சாந்தமான முகம் பிடிக்கவில்லை. அதனால் தினமும் அக்கா வாசலில் நின்று என்னைத் திட்டுகிறாள், கதவு திறக்கிறது. பின்னால் வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் என் வண்டவாளம் அத்துப்படி. எனக்கு அவமானம்தான், ஆனால் வேலை நிலைத்ததே!

அந்த நன்றியில் ஒருநாள் விடியற்காலையில் எழுந்து, பாத்திரம் கழுவி, அவளுக்கு டீ போட்டுக் கொடுத்து அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"டேய், உன்மேல கோவமே வர மாட்டேங்குதுடா! நடிச்சா மெஷின் கண்டுபிடிச்சிடுது. மேனேஜர் உள்ள நின்னு வாட்ச்சையே பார்க்கிறாரு. ஏதாவது பண்ணித் தொலைடா!"

"அக்கா, அந்தப் போட்டோ எடுத்தப்போ ஜன்னல்ல தொங்கின திரை, நீ ஆசையா எடுத்து வெச்சிருந்த புது பெட்ஷீட்டை வெட்டினதுதான்."

அடுத்து வந்த சத்தத்தில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். நடுவில் கதவு திறப்பது கேட்டது. அவள் வேலை தப்பியது.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வருவாள். நான் சொன்னதோ உண்மை.