அஜந்தா எடுக்காமல் விட்டவை

கல்லடியில் உயர்தர வகுப்பு மாணவருக்குப் பொருளியல் படிப்பித்த அஜந்தா எதை வாங்கினாலும், அதற்காக வாங்காமல் விட்டது அவள் பின்னால் வீடு வரைக்கும் வந்தது. சாமான் தட்டுப்பாட்டில் ஊரே வரிசையில் நின்ற ஆண்டில் இது தொடங்கியது. மண்ணெண்ணெய் வாங்கி வந்த அன்று பால்மாப் பெட்டி ஒன்று கல்லடிப் பாலத்தைக் கடந்து அவளைத் தொடர்ந்தது. அதற்கு எடை இல்லை. கரைத்தால் வெந்நீர் வெந்நீராகவே இருந்தது. நகரில் படம் பார்த்துத் திரும்பியபோது, மற்றத் தியேட்டரில் ஓடிய படத்தின் கதாநாயகன் பஸ்ஸின் பின் சீட்டில் உட்கார்ந்து வந்தான். கொண்டக்டர் அவனிடம் டிக்கட் கேட்கவில்லை. ஒரு கிழமை முழுவதும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் அவள் வீட்டு முருங்கைக்குக் கீழே நின்றுவிட்டு, படம் மாறியதும் போய்விட்டான்.

அமையச் செலவு என்ற பாடத்தில் அவளுடைய மாணவர் எவரும் பிழை விட்டதில்லை. ஒன்றை எடுக்கும்போது எதைக் கைவிடுகிறோமோ அதுதான் அதன் உண்மையான விலை என்று சொல்லிவிட்டு அவள் பின்சுவரைக் காட்டுவாள். முதல் நாள் இரவு அவள் பார்க்காமல் விட்ட நாடகம் அங்கே சத்தமில்லாமல் ஓடும். காத்தான்குடியிலிருந்து படிக்க வந்த ஸுஹைனா ஒருநாள் கேட்டாள்: “டீச்சர், நீங்க கலியாணம் முடிக்கக்குள்ள ஆரும் பின்னால வரல்லியா?”

“வேற ஆரும் கேக்கல்ல புள்ள,” என்றாள் அஜந்தா. வகுப்பு சிரித்தது.

மஸ்கட்டில் ஒரு பாடசாலை அவளை வேலைக்கு அழைத்தபோதுதான் அவள் பயந்தாள். சீதனமாக வந்த வீடு தகரக் கூரையோடு நின்றது. இரண்டு வருடச் சம்பளத்தில் கொங்கிறீட் கூரை போட்டுவிடலாம். அவள் கணவன் திவாகரன் வாவியில் இறால் பிடிப்பவன், தோணியை விட்டு வரமாட்டான். அவள் போனால், எடையில்லாத ஒரு திவாகரன் மஸ்கட் அறையின் மூலையில் வந்து நிற்பான். போகாவிட்டால், போயிருக்கக்கூடிய அஜந்தா இங்கே வருவாள். அவளைத் தினமும் பார்த்துக்கொண்டு வாழ முடியுமா என்று தெரியாமல் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

வலையின் கிழிசலைப் பார்த்துக்கொண்டே திவாகரன் சொன்னான்: “என்னகா யோசிக்கிறாய்? போ. பின்னால வாறவன் வேலைவெட்டி செய்யமாட்டான்தான், ஆனா சண்டையும் பிடிக்கமாட்டான்.”

“அவனில இறால் மணக்காது,” என்றாள் அஜந்தா. வரவில்லை என்று மறுநாளே மஸ்கட்டுக்கு எழுதிவிட்டாள்.

அதற்கு அடுத்த நாள் மஸ்கட் போயிருக்கக்கூடிய மற்றவள் சூட்கேசோடு வந்து இறங்கினாள். கை நிறையத் தங்க வளையல்கள். கூடவே வந்த கொங்கிறீட் கூரை தகரத்துக்கு மேலே ஏறி நின்றது. மழை அதனூடாகவே இறங்கியது. அவள் பேசுவதில்லை. முதல் மாதம் முழுவதும் அஜந்தா அந்த வளையல்களைத்தான் பார்த்தாள். மற்றவள் அவற்றை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தாள். பொழுதுபட்டுத் திவாகரன் சேற்றுக் காலோடு வரும்போது மற்றவள் வாசலுக்கு ஓடுவாள். அவன் தோளருகே முகத்தைக் கொண்டுபோய் மூச்சை இழுப்பாள். ஒன்றும் மணக்கவில்லை என்பது அவள் முகத்தில் தெரியும்.

அதைக் கண்டதிலிருந்து இறால் பொரிக்கும்போது அஜந்தா அவளுக்கு அடுப்பங்கரையில் உட்கார ஒரு கதிரை போட்டாள். மழை பெய்தால் கூரை ஒழுக்குக்கு அஜந்தா சட்டி வைத்தாள். எங்கே வைப்பது என்று மற்றவள் விரலால் காட்டினாள்.