எண்ணெய் உறையாத மார்கழி

என் கல்யாணத்தை நிறுத்தியது ஜாதகமில்லை, சீர்வரிசையில்லை. ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெய். கேட்டால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் போங்கள், எனக்கு அன்று வயிறு எரிந்தது.

1942ஆம் வருஷம். யுத்தம் நடந்துகொண்டிருந்தது. எனக்குப் பேசி வைத்திருந்த நடராசன் பட்டாளத்தில் சேர்ந்து, கடல் தாண்டிப் போவதற்கு முன் லீவில் வந்திருந்தார். மார்கழி முடிவதற்குள் விழுப்புரத்தில் ரயிலேற வேண்டும். போனவர் திரும்புவாரா என்பது யாருக்கும் தெரியாது. தாலி கட்டிவிட்டுப் போகட்டும் என்றேன். மார்கழியில் தாலியா என்று என் அப்பா முருகையன் காதைப் பொத்திக்கொண்டார்.

மயிலத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே எங்கள் ஊர். அந்த வருஷம் விடியலில் குனிந்து கோலம் போடும்போதே முதுகு வேர்த்தது. ஜனங்கள் வாசலில் பாயைப் போட்டு, கையில் விசிறியோடு கிடந்தார்கள்.

"மார்கழி எங்க நைனா வந்துது? வராத மாசத்துக்கு எதுக்கு பயப்படறீங்க?" என்று அப்பாவிடம் கேட்டேன்.

"ஒரு வருஷம் குளுரும், ஒரு வருஷம் புழுங்கும். எல்லாம் வழக்கந்தான் வெள்ளையம்மா. வாய மூடிக்கினு போ."

இந்தப் பேச்சு தெருவுக்குப் போனதும் ஊர் இரண்டாகப் பிரிந்தது. வழக்கந்தான் என்று ஒரு கட்சி, அதற்கு என் அப்பா தலைவர். மாசமே கெட்டுப்போச்சு என்று இன்னொரு கட்சி, அதற்கு மளிகைக்கடை சக்கரபாணி. மார்கழியில் கல்யாணச் சாமான் விற்காதே, அவர் வேறென்ன சொல்வார்? அப்பா கட்சிக்காரர்கள் இது மார்கழிதான் என்று காட்டுவதற்காகத் தலை முதல் கால் வரை கம்பளியைப் போர்த்திக்கொண்டு, "அப்பப்பா, இன்னா குளுரு!" என்று வேர்வை சொட்டச் சொட்ட நடந்தார்கள். சக்கரபாணி பனையோலை விசிறியோடு பின்னாலேயே போய் அவர்களுக்கு வீசினார். ஒருவர் மயங்கி விழுந்தார். குளிரில் விறைத்துவிட்டார் என்று சாதித்தார்கள்.

மாசம் சூரியனைப் பார்த்து வருவது, குளிரைப் பார்த்து வருவதில்லை என்று கோயில் குருக்கள் சொல்லிப் பார்த்தார். அவரை அதட்டுவதில் மட்டும் இரண்டு கட்சியும் ஒன்றாக இருந்தன.

கடைசியில் நாட்டாமை சீனுவாசன் தீர்ப்பு சொன்னார். "மார்கழின்னா தேங்கா எண்ணெய் உறையணும். பொம்பளைங்க பாட்டிலை வெயில்ல வெச்சித்தான தலைக்கு எடுக்கறாங்க? கோயில் மண்டபத்துல எண்ணெய் வெப்போம். விடியறப்ப உறைஞ்சிருந்தா மார்கழி. உறையலன்னா கல்யாணம். எண்ணெய்க்குக் கட்சி கிடையாது."

எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. நாலைந்து வருஷமாகவே எங்கள் ஊரில் எண்ணெய் சரியாக உறைவதில்லை. குளிர் குறைஞ்சிக்கினே வருது, உலகம் அழியப்போவுது என்று பெண்கள் குளத்தடியில் புலம்பாத நாளில்லை.

பாட்டில் சக்கரபாணி கடையிலிருந்து வந்தது, ஊரில் வேறு கடை ஏது? அதற்குக் கட்சிக்கு ஒருவராகக் காவல் இருந்தார்கள். யாராவது ஊதிச் சூடாக்கிவிடுவார்கள் என்று இருவர் வாயையும் துண்டால் கட்டியிருந்தது.

விடிந்தது. நாட்டாமை பாட்டிலைச் சாய்த்தார். எண்ணெய் தண்ணீராக ஓடியது. நான் நின்ற இடத்தில் குதித்தேன். நடராசன் எதிரே நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார். கோவிந்தம்மாள் அத்தை மஞ்சள் இடிக்கவே கிளம்பிவிட்டாள்.

அப்பா அந்த எண்ணெயை உள்ளங்கையில் விட்டு மோந்து பார்த்தார். நக்கியும் பார்த்தார். நாக்கில் வேர்க்கடலை ருசி.

"சக்கரபாணி, இதுல மல்லாட்டை எண்ணெய் எத்தினி பங்கு?"

"இன்னா பேஜாரா போச்சு! தேங்கா விக்கிற வெலைக்கு வேற இன்னா பண்றது? மல்லாட்டைய தேங்கா மாதிரி மணக்க வைக்க நான் படற பாடு எனக்குத்தான் தெரியும்" என்றார் அந்த மனுஷன், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

ஆக, இத்தனை வருஷமாகக் குறைந்துகொண்டே வந்தது குளிர் இல்லை, தேங்காய். உலகம் அழியப்போகிறது என்று ஊரே அழுதது அவர் கடை எண்ணெயைப் பார்த்துத்தான். பெண்கள் விளக்குமாற்றோடு அவரைத் துரத்தினார்கள். எனக்கு அதற்குக்கூடத் தெம்பில்லை. அப்பா அன்றே திண்டிவனம் போய், கண்ணெதிரே ஆட்டிய கலப்பில்லாத தேங்காய் எண்ணெயாக வாங்கி வந்து மண்டபத்தில் வைத்தார். மறுநாள் காலை, அந்தப் புழுக்கத்திலும், கல் மண்டபத்துத் தரையின் சில்லிப்பே போதுமென்று அது வெள்ளையாக உறைந்திருந்தது. கவிழ்த்தாலும் விழவில்லை.

நடராசன் "வர்றேன் வெள்ளையம்மா" என்று சொல்லிவிட்டு விழுப்புரத்துக்குப் போனார். ரயிலடிக்குப் போய் வழியனுப்பக்கூட என்னால் முடியவில்லை. நான் அவருக்கு யார், போய் நிற்க?

அன்றிலிருந்து என் தலையில் எண்ணெய் ஏறவில்லை. மாட்டேன் என்றால் மாட்டேன். தலைமுடி தேங்காய் நார் மாதிரி ஆனது. அப்பா தினமும் அதைப் பார்ப்பார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கழனிக்குப் போவார்.

1944இல் நடராசன் வந்தார். ஒரு காது கேட்கவில்லை. உயிரோடு வந்தாரே, அது போதும். ஆனால் வந்தது மறுபடியும் மார்கழியில், தை பிறப்பதற்குள் திரும்பிப் போகவேண்டிய லீவில்! இந்தப் பட்டாளத்துக்கு வேறு மாசமே தெரியாதா? அந்த வருஷமோ அசல் மார்கழி. மாடு கன்றெல்லாம் வெடவெடவென்று நடுங்கின. நான் கல்யாணப் பேச்சையே எடுக்கவில்லை. எடுத்து என்ன ஆகப்போகிறது?

மறுநாள் விடியலில் அப்பா இடுப்பு வேட்டியோடு, மேலுக்கு ஒரு துண்டுகூட இல்லாமல், தெருவில் இறங்கி நடந்தார். கையில் எண்ணெய் பாட்டில். என்னவோ ஏதோ என்று நான் பின்னாலேயே ஓடினேன். நாட்டாமை வீட்டு வாசலில் போய் நின்றார்.

"நாட்டாமை, எண்ணெயப் பாருங்க. உறையல." அவர் பல் தந்தியடித்தது. "இன்னா புழுக்கம் பாருங்க. இதெல்லாம் ஒரு மார்கழியா? வழக்கமே இல்லாத வழக்கமா இருக்குது."

நாட்டாமை இரண்டு கம்பளிக்குள்ளிருந்து தலையை நீட்டினார். சத்தம் கேட்டு வந்த சக்கரபாணி பாட்டிலைத் தொட்டார், வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். விரலை வாயருகே வைத்து ஊதினார். "ஆமாங்க. உறையல" என்றார்.

பாட்டிலின் அடியில் அடுப்புச் சாம்பல் ஒட்டியிருந்ததை நான் பார்த்தேன். நாட்டாமையும் பார்த்தார். பிறகு என் தலைமுடியைப் பார்த்தார். இரண்டு கம்பளியையும் உதறிப் போட்டார்.

"அடேயப்பா, இன்னா வெக்கை!"

தெருவில் ஒவ்வொருவராகப் போர்வையைக் கழற்றினார்கள். வழக்கந்தான் கட்சிக்காரர்கள் எல்லோருக்கும் முந்திக்கொண்டு கழற்றினார்கள்.

அந்த எண்ணெயைத்தான் அத்தை என் தலையில் வைத்துத் தேய்த்தாள். இன்னும் சூடாகவே இருந்தது. நான் தேம்பித் தேம்பி அழுதேன். அன்று காலையே நடராசன் தாலி கட்டினார். அட்சதை போட அப்பா கையைத் தூக்கினார். உடம்பு நடுங்கிய நடுக்கத்தில் அரிசி எங்கள் தலைக்கு வந்து சேராமல் அவர் காலடியிலேயே கொட்டியது. நான் எழுந்து போய், நடராசனின் பட்டாளத்துக் கம்பளியை அவர்மேல் போர்த்தப் பார்த்தேன்.

"வேணாம்மா," என்று தள்ளிவிட்டார், "புழுங்குது."