எந்தச் சூரியன் வேகம்?

சூரியன் காலையில வேகமா ஏறுதா, சாயங்காலம் வேகமா இறங்குதா? இதுக்கெல்லாமா புருஷன் பொண்டாட்டி வருஷக்கணக்கா சண்டை போடுவாங்கன்னு கேட்காதீங்க. நாங்க போட்டோம்.

நான் பிஸ்கட் கம்பெனியில பேக்கிங், பகல் வேலை. இவருக்கு ஐஸ் ஃபேக்டரியில ராத்திரி வேலை. பொண்ணு சின்னவ, யாராவது ஒருத்தர் வீட்டுல இருந்தாகணும். அதனால எங்களுக்குன்னு கிடைச்சது காலையில கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம். விடியறதுக்கு முன்னாடி இவர் விறைச்ச கையோட வருவார். டீயை எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் மொட்டை மாடிக்குப் போவோம். சூரியன் பாதி தலை நீட்டறதுக்குள்ள கீழே என் கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கும். சாயங்காலம் இதே கூத்து தலைகீழா. நான் வருவேன், டீ, மாடி. சூரியன் பாதி இறங்கும்போது இவரோட வேன் வந்து நிக்கும்.

"காலையில பாருங்க, யாரோ துரத்தற மாதிரி ஏறுது. சாயங்காலம்தான் ஆடி அசைஞ்சு போகுது" என்பேன்.

"உன் கண்ணுல கோளாறு. காலையில அது நகரவே மாட்டேங்குது. சாயங்காலம்தான் தொபுக்கடீர்னு விழுது" என்பார்.

ஒரு தடவை பொண்ணோட அலாரம் கடிகாரத்தைத் தூக்கிட்டுப் போய் அளந்தே பார்த்தோம். காலையில நான் அளந்தேன், சாயங்காலம் இவர். இதுல கூத்து என்னன்னா, ஹாரன் சத்தம் கேட்டதும் ரெண்டு பேருமே கடிகாரத்தைப் போட்டுட்டு ஓடினோம். சூரியன் முழுசா வந்ததை நான் பார்க்கல, முழுசா போனதை இவர் பார்க்கல. ஆனாலும் ஜெயிச்சது நான்தான்னு ஆளாளுக்குச் சாதிச்சோம். எங்க புத்தி அவ்வளவுதான்.

பொண்ணு ஸ்கூலுக்குப் போக ஆரம்பிச்சதும், பகல் வேலைக்கு மாத்தச் சொல்லிக் கேளுங்கன்னு இவரை அரிச்சு எடுத்தேன். பார்க்கலாம் பார்க்கலாம்னே நாளை ஓட்டினார். ஒரு நாள் பஸ்ல பக்கத்துல உட்கார்ந்தவ சொன்னா, ஐஸ் ஃபேக்டரியில பகல் வேலைக்கு இடம் காலியாச்சாம், அது அவ புருஷனுக்குக் கிடைச்சிடுச்சாம். என் வாய்க்குப் பயந்துதான் இந்த மனுஷன் ராத்திரியிலேயே ஒதுங்கிக் கிடக்கிறாரோன்னு மனசு கிடந்து அடிச்சுக்கிச்சு.

அன்னைக்குச் சாயங்காலம் டீகூடப் போடல. மாடிக்குப் போனதும் நேரா கேட்டுட்டேன்.

"என்கூட இருக்கப் பிடிக்கலையா? பிடிக்கலைன்னா சொல்லிடுங்க."

இவர் திகைச்சுப் போனார். "கேட்டேன்டி. ரெண்டு தடவை கேட்டேன். மேனேஜர் முடியாதுன்னுட்டார். உன்கிட்ட சொன்னா நீ அங்க வந்து அவர் சட்டையைப் பிடிப்ப. இருக்கிற வேலையும் போயிடும்."

உண்மைதான், பிடிச்சிருப்பேன்.

"அப்புறம் ஏன் வருத்தமே இல்லாத மாதிரி மூஞ்சியை வெச்சிருந்தீங்க?"

கைப்பிடிச் சுவரைத் தடவிக்கிட்டே நின்னார். "காலையில நீ பஸ் ஏறிப் போனப்புறம் நான் மட்டும் இங்க நிக்கிறேன். அப்போ இந்தச் சனியன் நகரவே மாட்டேங்குது. அதைத்தானே இத்தனை வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன்."

சாயங்காலம் மெதுவுன்னு நான் சொன்னதும் அதனாலதானே! வேன் போனப்புறம் இங்க தனியா நின்னவ நான்தானே! லூசுங்க, ரெண்டும் லூசுங்க.

கீழே ஹாரன் அடிச்சது. மறுபடியும் அடிச்சது. இவர் அசையல. டிரைவர் நாலு திட்டு திட்டிட்டு வண்டியை எடுத்துட்டான். நாங்க ரெண்டு பேரும் முதல் தடவையா, சூரியன் முழுசா மறையற வரைக்கும் சேர்ந்து பார்த்தோம். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிடுச்சு. நீங்க சொன்னதுதான் சரி, சாயங்காலம்தான் வேகம்னு ஒத்துக்கிட்டேன். இவர் சிரிக்கவும் இல்ல, ஜெயிச்சேன்னு சொல்லவும் இல்ல.

பகல் வேலை இவருக்குக் கடைசி வரைக்கும் கிடைக்கல. இப்போ ரெண்டு பேருமே வீட்டுலதான். பொண்ணு அவ குடித்தனத்துல இருக்கா. இவருக்கு முட்டி வலி, நான்தான் கையைப் பிடிச்சு மாடி ஏத்தறேன். அந்தக் காலத்தை நான் திட்டாத திட்டு இல்ல. இருந்தும் அதை நினைச்சா ஏக்கமாத்தான் இருக்கு. அப்போ ஒரு வேளையாவது இந்தச் சூரியன் மெதுவா போச்சு. இப்போ காலையும் பறக்குது, சாயங்காலமும் பறக்குது. கொஞ்சம் நில்லேன்னு கத்தணும் போல இருக்கு.