பூஜ்யத்திலும் அறுந்த வால்

கட்டுரையில் பேராசிரியர் ஜகந்நாதன் பெயர் மட்டும் இருந்தது. அதற்கான கம்ப்யூட்டர் புரோகிராமை எழுதியவள் அவருடைய ஆராய்ச்சி மாணவி கனகவள்ளி. தாராவியிலிருந்து பஸ்ஸில் நசுங்கிப் போய் வந்து, இரண்டு வருஷம் கம்ப்யூட்டர் படிக்கிற அட்டைகளில் ஓட்டை துளைத்துத் துளைத்து எழுதினாள். அந்தக் கட்டுரையை நம்பித்தான் அவளுடைய பட்டமே இருந்தது. கேட்டதற்கு, “கடைசில உனக்கு நன்றி போட்டிருக்கேனேம்மா” என்றார், வசதியான மாட்டுங்காவில் குடியிருந்த அந்த மனுஷர். நன்றியாம். சமைத்தவளுக்கு எச்சில் இலையை நீட்டுகிற மரியாதை.

விஷயம் பூமியின் காந்த வால். சூரியக் காற்று பூமியின் காந்தப்புலத்தை இருட்டுப் பக்கம் நீள வாலாக இழுத்துவிடுகிறது. வாலின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் எதிரெதிர்த் திசை. நடுவில் தாள் போல மின்னோட்டம். அங்கே கொஞ்சம் மின்தடை இருந்தால் காந்தக் கோடுகள் அறுந்து வேறு விதமாக ஒட்டிக்கொள்ளும், மின்னோட்டம் சரியும், அடைபட்ட சக்தி பீறிடும். கம்ப்யூட்டரிலும் அப்படியே அறுந்தது. ஜகந்நாதன் தலைகால் புரியாமல் குதித்தார்.

கட்டுரை அச்சேறியபின், வயிற்றெரிச்சலோடு ஒரு நாள் மின்தடையைப் பூஜ்யமாக்கி ஓட்டினாள். தடையே இல்லாவிட்டால் வால் அறுபடக் கூடாது. அறுந்தது. கணக்குப் போட வாலை அவள் கூறுபோட்ட கட்டங்கள் பெரிசு; அந்தத் தோராயமே மின்தடை மாதிரி வேலை செய்திருந்தது. கோடுகளை அறுத்தது இயற்கையல்ல, கட்டங்கள்தான். முதலிலேயே செய்திருக்க வேண்டிய சோதனை. கம்ப்யூட்டரில் நேரம் கிடைப்பது குதிரைக்கொம்பு என்பதால் அவள் தள்ளிப்போட்டிருந்தாள். அவருக்கோ அச்சுக்கு அனுப்பும்வரை பொறுமை இல்லை. ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். விடையைப் படமாக்கிப் பத்திரப்படுத்திக்கொண்டு, சமயம் பார்த்திருந்தாள்.

வெளியூர் விஞ்ஞானிகள் கூடிய கருத்தரங்கில் அவர் பேசி முடித்ததும் எழுந்தாள்.

“மின்தடையைப் பூஜ்யமாக வைத்தால் என்ன ஆகும், சார்?”

“அறுபடாது. இதுகூடவா சந்தேகம்?”

சபை சிரித்தது. அவள் முன்னால் போய், அந்தப் படத்தைப் புரொஜெக்டரில் வைத்து, எப்படி ஓட்டினாள் என்று சொன்னாள். சிரிப்பு அடங்கியது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். ஜகந்நாதன் தண்ணீர் குடித்தார், டம்ளர் காலியான பிறகும் குடித்தார். அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது, பொய் சொல்வானேன்.

ஜகந்நாதன் அவளை வராந்தாவில் வழிமறித்தார். “எங்கிட்ட முன்னாடியே சொல்லப்படாதா? கட்டுரையை வாபஸ் வாங்கணும். உன்னோட உழைப்புன்னா போயிடுத்து.”

“போவட்டும் சார்” என்றாள் கனகவள்ளி. “அதுல உங்க பேருல்லா இருக்கு.”