இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினால்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நாளைக்கு யாரும் வந்து கேட்கக்கூடாது. எங்கள் வீட்டு வாஷிங் மெஷினைப் பழுது பார்க்க வந்த மெக்கானிக் சொன்னது இது. கதவு ரப்பர் கிழிந்து தரையெல்லாம் தண்ணீர். வாங்கி எட்டே மாதம். கம்பெனிக்கு ஃபோன் போட்டு ஒரு பாட்டம் கத்தினேன், மறுநாளே ஆள் வந்து நின்றார். சட்டைப் பையில் டெஸ்டர், கையில் புது ரப்பர், முகத்தில் தூக்கக் கலக்கம். ரப்பரை மாற்றிக்கொண்டே, "இன்னொரு வீட்டுல நடந்ததுங்க மேடம்" என்று ஆரம்பித்தார். நான் சர்வீஸ் ரசீதைத் திருப்பி அதன் முதுகில் குறிப்பெடுத்துக்கொண்டேன்.

"வீட்டுக்கு யாரு வந்தாலும் ஒரு கதையைக் கறந்துட்டுத்தான் அனுப்புவே" என்பார் என் வீட்டுக்காரர். மறுக்கமாட்டேன்.

இன்று இதை எழுதுவதற்காகவே அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நான் லீவு போடுவது வருடத்துக்கு ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு. எழுதி முடித்ததும் தாள்களைச் சாப்பாட்டு மேஜையில் வைப்பேன். என் முதல் வாசகர் பென்சிலோடு வந்து உட்காருவார். அவர் என் அப்பா. ஒற்றுப்பிழைக்கு ஒரு சுழி, பொய்யான இடத்துக்கு இரண்டு சுழி. மற்றபடி அவருக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை.*

* இந்த வாக்கியத்தை அப்புறம் அடிக்க வேண்டும்.

2

எப்படித் தொடங்குவது?

"ஒவ்வொரு இயந்திரத்துக்குள்ளும் ஒரு ரகசியம் சுழன்றுகொண்டு—" வேண்டாம். நாட்காட்டியில் அச்சடிக்கிற வாக்கியம்.

"மெக்கானிக்குக் காலையிலிருந்து பசி." அவருக்குப் பசித்ததா என்று எனக்கென்ன தெரியும்? கேட்கவில்லை. ஒரு டீ கூடக் கொடுக்கவில்லை, கதை கேட்கிற மும்முரத்தில்.

[அப்பா வந்து, "இன்னைக்கு எங்கேயும் போகலையாம்மா?" என்று கேட்டார். லீவுப்பா, எழுதுறேன் என்றேன். சரி சரி என்று போய்விட்டார்.]

"மெஷின் தானாகக் கெட்டுப்போச்சு என்று யார் சொன்னாலும் மெக்கானிக் நம்பமாட்டார்." இது பரவாயில்லை. இதில் ஒரு ஆள் தெரிகிறார். இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

மெஷின் தானாகக் கெட்டுப்போச்சு என்று யார் சொன்னாலும் மெக்கானிக் நம்பமாட்டார். பதினாறு வருட சர்வீஸ். பையில் ஆணியோடு பேண்ட்டைப் போட்டவர்கள், செருப்பைப் போட்டவர்கள், கரடிப் பொம்மையைப் போட்டு அதன் வயிற்றுப் பஞ்சு முழுவதையும் குழாய்க்குள் அனுப்பியவர்கள், எல்லோரையும் பார்த்தாயிற்று. அத்தனை பேரும் சொல்வது ஒரே வரிதான்: "நாங்க ஒண்ணுமே பண்ணலைங்க."

அந்த வீட்டுப் பெண்ணும் அதையேதான் சொன்னாள்.

"வாரத்துக்கு ரெண்டே தடவைதாங்க போடுறோம். புதன், ஞாயிறு.* வீட்டுல மொத்தமே மூணு பேரு. அதுக்குள்ள ரப்பர் எப்படிங்க கிழியும்? என்ன மெஷின் விக்கிறீங்க நீங்க?"

மெக்கானிக் மெஷின் முகப்பில் இருந்த இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்தி, மூன்று விநாடி பிடித்தார். சர்வீஸ் ஆட்கள் மட்டும் செய்கிற வேலை அது. அப்படி அழுத்தினால், வாங்கிய நாளிலிருந்து மெஷின் எத்தனை தடவை ஓடியிருக்கிறது என்று எண் வரும். வந்தது. வாரத்துக்கு இரண்டு தடவை ஓடும் மெஷினுடைய எண் அல்ல அது.

'மாட்டிக்கிட்டீங்களா' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே திரும்பினார். அவள் முகத்தில் கள்ளம் இல்லை. கோபம்தான் இருந்தது, அதுவும் நியாயமான கோபம். அவளுக்குப் பின்னால், உள்ளறைக் கதவை ஒட்டி ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். அவளுக்கு அவர் நிற்பது தெரியாது. பெரியவரின் கண் அந்த எண்ணின் மேல் இருந்தது. பிறகு அவர் மெக்கானிக்கைப் பார்த்தார். வேண்டாம் என்பதுபோல் ஒரே ஒரு முறை தலையை அசைத்தார்.

மெக்கானிக் கொஞ்சம் நகர்ந்து அந்த எண்ணைத் தன் உடம்பால் மறைத்தார்.

அடிமூடியைத் திறந்து ஃபில்டரைக் கழற்றியபோது மீதியும் புரிந்துவிட்டது. நூல் கற்றைக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் துண்டு. அதில் மஞ்சள் பூவிதழ் பாதி. மெத்தை நனையக்கூடாது என்று படுக்கை விரிப்புக்கு அடியில் போட்ட பிளாஸ்டிக். விரிப்பை அவசரமாக உருவும்போது கூடவே கிழிந்து வந்திருக்கிறது. இந்த மாதிரித் துண்டை அவர் வேறு வீடுகளிலும் எடுத்திருக்கிறார். அங்கெல்லாம் படுக்கையை நனைத்தது கைக்குழந்தை.

"என்னங்க அது?" என்றாள் அவள்.

"ஒண்ணுமில்ல மேடம். பேக்கிங்ல வந்த கவரு." துண்டு சட்டைப் பைக்குள் போனது. "உங்க மேல தப்பில்ல. ரப்பரே மட்டமான ரப்பரு. வாரண்டியிலேயே மாத்திடுறேன்."

* நாட்கள் நான் போட்டவை. எங்கள் வீட்டில் துவைக்கிற நாட்கள். கற்பனைக்குச் சோம்பல் வந்தால் சொந்த வீட்டிலேயே கை வைக்கும்.

4

மெக்கானிக் எனக்கு வசமாகிவிட்டார். பெரியவர்தான் பிடிகொடுக்கவில்லை. ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் என்று எழுதி அடித்தேன். தையல்காரர் என்று எழுதி அடித்தேன். ஒரு விரிப்புக்காக இவ்வளவு பாடுபடுகிற மனிதர் என்ன வேலை பார்த்திருப்பார்? தெரியவில்லை. அது போகட்டும், அவருடைய பகலை எழுதுவோம்.

மகளும் மருமகனும் எட்டரைக்குக் கிளம்புவார்கள். கதவு சாத்தும் சத்தம் போதாது, லிஃப்ட் கீழே இறங்கும் சத்தமும் கேட்க வேண்டும். அப்புறம்தான் பெரியவர் விரிப்பை உருவுவார். அரை மணி நேரத் துவையல். பால்கனிக் கொடியில் போட முடியாது. எதிர்வீட்டுக்காரி பார்ப்பாள், 'உங்க அப்பா தினமும் பெட்ஷீட் துவைக்கிறாரே, என்ன சுத்தம்!' என்று என்றைக்காவது மகளிடம் பாராட்டிவிடுவாள். ஆகவே தன் அறையிலேயே இரண்டு நாற்காலிகளின் முதுகில் விரித்து, மின்விசிறியை ஐந்தில் வைப்பார். மகள் வருவதற்குள் காய வேண்டும். காயாத நாளில் இஸ்திரிப் பெட்டி.

[அப்பா மறுபடியும் வந்தார். "மத்தியானமாவது வெளிய போவியா?" என்றார். போகலைப்பா என்றேன், கொஞ்சம் எரிச்சலாகவே. எழுதும்போது குறுக்கே வருவது இவருக்கு வழக்கமில்லை. இன்றைக்கு என்னவோ.]

மேலே உள்ள பத்தியைப் படித்ததும் எனக்கு என் மேலேயே பெருமை வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரியின் பாராட்டு இருக்கிறதே, அது என் கற்பனை. அந்த மின்விசிறியும் அப்படித்தான். மெக்கானிக் சொல்லவே இல்லை. ஈர விரிப்பு, மூடிய அறை, ஐந்தில் சுழலும் மின்விசிறி. இதையெல்லாம் ஒரு தேர்ந்த எழுத்தாளரால்தான்

கை நின்றுவிட்டது.

போன குளிர்காலம் முழுவதும் யாருடைய அறையில் மின்விசிறி ஐந்தில் ஓடியது? வேலை விட்டு வந்ததும் வராததுமாக, "ஏம்பா, இந்தக் குளிர்ல உங்களுக்கு ஃபேன் கேக்குதா?" என்று சத்தம் போட்டது யார்? "உடம்பு சூடும்மா" என்று சிரித்துச் சமாளித்தது யார்?

5

வயதானவர்களுக்குப் புழுக்கம் இருக்கத்தான் செய்யும். நான் எதையாவது எழுதி எதையாவது நினைத்துக்கொள்கிறேன். முடிவுக்கு வருவோம்.

முடிவு ஒன்று: மெக்கானிக் எண்ணைச் சொல்லிவிடுகிறார். மகள் திரும்புகிறாள். பின்னால் அப்பா நிற்கிறார். அவர் முகம்... இல்லை, என்னால் முடியாது. அவரை அந்த இடத்தில் நிற்கவைக்க மாட்டேன்.

முடிவு இரண்டு: சொல்லாமலே போய்விடுகிறார். எனக்கு அவர் சொன்னது இதுதான். "அப்புறம் என்னாச்சு?" என்று அவரிடம் கேட்டேன். ரப்பரைப் பள்ளத்தில் அழுத்திக்கொண்டே சொன்னார்: "தெரியலைங்க மேடம். அந்த அம்மா கத்துவாங்க, ஆனா நல்லவங்க. கொஞ்சம் நிதானமா யோசிச்சாங்கன்னா அவங்களுக்கே புரிஞ்சிரும்." சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். டீ எதிர்பார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

முடிவு மூன்று: மகள் அந்தத் துண்டை அடையாளம் கண்டுகொள்கிறாள். சூரியகாந்திப் படம் போட்ட பழைய மேஜை விரிப்பு அது. ஆறு மாதத்துக்கு முன் அவள் அதை வீடெல்லாம் தேடியபோது, "கிழிஞ்சிருச்சும்மா, தூக்கிப் போட்டுட்டேன்" என்று அப்பா

சூரியகாந்தி எங்கிருந்து வந்தது?

ரசீதைத் திருப்பினேன். "பிளாஸ்டிக் துண்டு" என்று மட்டும்தான் குறித்திருக்கிறேன். மஞ்சள் இல்லை, இதழ் இல்லை. மஞ்சளை நான் கேட்கவில்லை, பார்த்தேன். எங்கள் மெஷினுக்கு முன்னால் குந்தியிருந்த மெக்கானிக்கின் உள்ளங்கையில் பார்த்தேன். "என்னங்க அது?" என்று கேட்டது நான். "பேக்கிங்ல வந்த கவரு" என்ற பதிலும் எனக்குச் சொன்னதுதான். கதைக்குப் பொருத்தமாக இருக்கிறதே என்று அதை அப்படியே எடுத்து எழுதியிருக்கிறேன், மடைச்சி.

நாற்காலியிலிருந்து எழுந்தேன், எதற்கு எழுந்தேன் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தேன். இன்னொரு வீடு என்று ஒன்று கிடையவே கிடையாது.

6

பெரியவரின் தொழில் இப்போது தெரியும். பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி ஆசிரியர். முப்பத்திரண்டு வருடம் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, சுண்ணாம்பு பூசிய வெள்ளை கான்வாஸ் ஷூ. அம்மா போன பிறகு எங்களோடு வந்தார். வந்த முதல் மாதமே, "அந்தப் பழைய மெஷினை மாத்தும்மா, ஊரையே எழுப்புது" என்று பிடிவாதம் பிடித்தார். கடையில் அவர் கேட்டது இரண்டே கேள்வி: சத்தம் வராதா, சீக்கிரம் முடியுமா. நானும் வீட்டுக்காரரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். "என் விரிப்பை நானே பாத்துக்கறேன், ஹாஸ்டல் பழக்கம்" என்றபோதும் சிரித்தோம்.

மெஷினுக்கு முன்னால் போய் நின்றேன். எந்த இரண்டு பட்டன் என்று மெக்கானிக்கின் விரல்களை நினைவுபடுத்தி அழுத்தினேன். முதல் ஜோடி தப்பு. இரண்டாவது ஜோடிக்கு வந்தது.

247.

முப்பத்தைந்து வாரம். நாங்கள் போட்டது எழுபது. மீதி நூற்று எழுபத்தேழு. வாரத்துக்கு ஐந்து. திங்கள் முதல் வெள்ளி வரை, நாங்கள் வீட்டில் இல்லாத ஒவ்வொரு நாளும். இரண்டு அதிகமாக வருகிறது, அது எந்த நாட்கள் என்று எனக்குத் தெரியாது.

சரி, சனியும் ஞாயிறும்? நாங்கள் வீட்டில் இருக்கும் நாட்களில் என்ன செய்தார்?

இதற்கு விடை கண்முன்னாலேயே இருந்தது. சனிக்கிழமை காலையிலும் ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அவர் ஹால் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடிதான் இருப்பார், கண் சிவந்து. "டிவி பாத்துக்கிட்டே தூங்கிட்டேன்" என்பார். "அப்பாவுக்கு இந்த வயசுல டிவி பைத்தியம்" என்று தங்கையிடம் ஃபோனில் கேலி செய்திருக்கிறேன். அவர் தூங்கவே இல்லை. துவைக்க முடியாத நாட்களுக்கு முந்தின இரவுகளில் அவர் படுக்கவே இல்லை. எட்டு மாதமாக. ஐயோ, எட்டு மாதமாக.

அப்போதுதான் மேலே அடைப்புக்குறிக்குள் நானே எழுதியிருந்ததைப் படித்தேன். *இன்னைக்கு எங்கேயும் போகலையாம்மா?* இன்று வெள்ளிக்கிழமை. மணி பதினொன்றே கால். அவருடைய கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே ஈர விரிப்பு காலையிலிருந்து காத்திருக்கிறது. அதைத் துவைக்கவிடாமல், அதைப் பற்றிக் கதை எழுதிக்கொண்டு, ஹாலில் நந்தி மாதிரி உட்கார்ந்திருப்பது நான்.

7

முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது என் பழக்கம். தப்பித்துக்கொள்கிறாள் என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். இந்த முறை வாசகர் யார் என்று எனக்குத் தெரியும்.

[அறைக்கதவைத் தட்டாமல் வெளியிலிருந்தே சொன்னேன்: "அப்பா, நான் கடைக்குப் போயிட்டு வர்றேன். ஒரு மணி நேரமாவது ஆகும்." உள்ளேயிருந்து, "மெதுவாப் போயிட்டு வாம்மா" என்ற குரல் வந்தது. அந்தக் குரலில் இருந்த நிம்மதியை என்னால் தாங்க முடியவில்லை.]

அப்பா, தாள்களை வழக்கமான இடத்தில் வைக்கிறேன். பென்சிலைச் சீவி வைத்திருக்கிறேன். மெக்கானிக்கிடம் நீங்கள் தலையசைத்துக் கேட்டுக்கொண்டதை அவர் பாதிதான் காப்பாற்றினார். அவர் மேல் கோபப்படாதீர்கள். அவருக்கு ஒரு டீ கடன்பட்டிருக்கிறேன்.

நீங்கள் இதைப் படிக்காமல் ஒதுக்கிவைத்தால், எனக்கு எதுவும் தெரியாது. திரும்பி வந்து தாள்களை எடுத்துக் கிழித்துவிடுவேன், வங்கி ஊழியரை வைத்து வேறு கதை எழுதுவேன். இனி தினமும் லிஃப்ட் கதவைக் கொஞ்சம் சத்தமாகச் சாத்துவேன். சனி, ஞாயிறு காலைகளில் நாங்கள் இரண்டு பேரும் வெளியே போக ஏதாவது காரணம் கண்டுபிடிப்பேன். காரணம் கண்டுபிடிப்பது எனக்குத் தொழில்தானே.

படித்தீர்கள் என்றால், பொய்யான இடத்தில் இரண்டு சுழி போடுங்கள். இதற்கெல்லாம் டாக்டர் இருக்கிறார், மருந்து இருக்கிறது, நான் கூட வருகிறேன். இன்றைக்கு ராத்திரி நாற்காலி வேண்டாம், கட்டிலில் படுங்கள். துவைத்த விரிப்பை நாற்காலியில் போடாமல் பால்கனிக் கொடியில் போடுங்கள். எதிர்வீட்டுக்காரி பார்த்தால் பார்க்கட்டும்.

கொடி தெருவிலிருந்தே தெரியும். வரும்போது நிமிர்ந்து பார்ப்பேன்.