இடுப்பில் கட்டிய முத்திரை

முதலாளியை ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு முறை ஆபரேஷன் செய்யாமலே திருப்பிக் கூட்டி வந்திருக்கிறேன். இரண்டு முறையும் ஒரே காரணம்தான். இடுப்பில் கட்டியிருக்கிற கம்பெனி முத்திரையை அவிழ்க்க மாட்டேன் என்றார்.

வயிற்றுக்குள் பெரிய ரத்தக்குழாய் ஒன்று ஊதிப்போய் நின்றது. எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும், வெடித்தால் ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆபரேஷன் மேஜைக்கு ஆஸ்பத்திரி உடையைத் தவிர உடம்பில் ஒரு நூல்கூட இல்லாமல்தான் போக வேண்டும். "அப்ப நான் போகல" என்றார் முதலாளி.

பான் ஷுய்கென் என்றால் எங்கள் காலுறை ஊரான ஜூஜியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பத்தொன்பது வயதில், கையால் சுற்றுகிற காலுறை மெஷின் ஒன்றைப் பன்றிக் கொட்டிலுக்குப் பின்னால் ஒளித்து வைத்து ஓட்டியவர். சொந்தத் தொழில் செய்தால் பிடித்துக்கொண்டு போன காலம் அது. நெடுஞ்சாலையில் பஸ் நின்றால் மூங்கில் கூடையோடு ஓடி, ஜன்னல் வழியாகக் காலுறையைத் திணித்து விற்றார். இன்று ஆலையில் எண்ணூறு பேர். ஒரு நாளைக்கு நாலு லட்சம் ஜோடி கப்பல் ஏறுகிறது. நான் குய்ஜோ மலைக்காரன். இருபத்தொரு வருஷமாக அவருக்கு வண்டி ஓட்டுகிறேன்.

இங்கே கம்பெனி என்றால் கட்டடம் இல்லை, மெஷின் இல்லை. அந்த வட்ட முத்திரைதான். சிவப்பு மையில் நட்சத்திரத்தோடு அது விழுந்த தாள் செல்லும். விழாத தாளில் மீன் மடிக்கலாம். ஆரம்பத்தில் முதலாளியும் அதை மேஜை டிராயரில்தான் வைத்திருந்தார். கூட்டாளி ஒருவன் ஒரு மத்தியானம் அதை எடுத்துக்கொண்டு போய், ஆலையையே இன்னொருவன் பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டான். மீட்க மூன்று வருஷம் ஆயிற்று. அன்றிலிருந்து அது சிவப்புக் கயிற்றில் அவர் இடுப்பில்தான். காலுறைக் கட்டுக்குப் போடுகிற முடிச்சு. இழுத்தால் இன்னும் இறுகும். அவிழ்க்க இரண்டு கையும் வேண்டும்.

ஆற்றில் அக்கரை வரை நீந்துகிறவராம் அந்தக் காலத்தில். நான் வந்த பிறகு அவர் தண்ணீரில் இறங்கிப் பார்த்ததில்லை. பொதுக் குளியலறைக்குப் போக மாட்டார். விமானத்தில் தூங்க மாட்டார். சாப்பிடும்போது வலது கையில் சாப்பாட்டுக் குச்சிகள், இடது கை இடுப்பில். தாளில் முத்திரை குத்தும் முன் அதை வாய்க்கருகில் வைத்து 'ஹா' என்று ஊதுவார். மை நன்றாகப் பிடிக்குமாம். அந்த 'ஹா' சத்தத்துக்காக மேனேஜர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

உடம்பு கெட்ட பிறகு ஒவ்வொரு தாளையும் மூன்று முறை படித்தார். ஒரு நாளைக்கு இரண்டு தாள் நகர்ந்தால் அதிகம். நிங்போ துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகள் காகிதமில்லாமல் நின்றன. மகள் லிச்சுன் கேட்டுப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள்.

"அப்பா, ஒரு வாரத்துக்கு எங்கிட்ட குடுங்க."

"அவனும் ஒரு மத்தியானத்துக்குத்தான் எடுத்தான்."

"நான் உங்க பொண்ணுப்பா!"

"அவன் என் கல்யாணத்துல மாப்பிள்ளைத் தோழன்மா."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிப் பதிவுக்காக அவருடைய அடையாள அட்டை அவளிடம்தான் இருந்தது. ஆஸ்பத்திரித் தாள்கள் ஒரு கட்டு கொண்டுவந்தாள். முதலாளி ஒன்றையும் படிக்காமல் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். முத்திரை வேண்டாத தாள் அவருக்குத் தாளே இல்லை. "கையெழுத்து எவன் வேணாலும் போடுவான்" என்று சிரித்தார். அந்தக் கட்டின் நடுவில் வேறு இரண்டு தாள்கள் இருந்தன.

மறுநாள் லிச்சுனைப் பத்திரிகை ஆபீசுக்கு நான்தான் வண்டியில் கொண்டுபோனேன். அவர் படிக்காமல் கையெழுத்திட்ட அந்த இரண்டு தாளையும் காட்டி, முத்திரை தொலைந்தது, இனி செல்லாது என்று விளம்பரம். பிறகு போலீஸில் பதிவு. பிறகு புது முத்திரை. திரும்பி வரும்போது பின்சீட்டில் அழுதாள்.

"தியன் மாமா, நான் திருடியா?"

"வண்டி ஓட்டுறவன்கிட்ட இதையெல்லாம் கேக்காதம்மா."

"ஆபரேஷன் முடியட்டும், நானே சொல்றேன். அதுவரைக்கும் வாயத் தொறக்காதீங்க."

திறக்கவில்லை. பத்தொன்பது நாள் அவரைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். இரவில் என் அறையில் அந்த விளம்பரத்தை எடுத்துப் பார்ப்பேன். பேச எனக்கு ஆள் கிடையாது. யாரிடமாவது சொல்லியிருந்தால் கொஞ்சம் லேசாகியிருக்கும்.

மூன்றாவது முறை ஹாங்ஜோ ஆஸ்பத்திரிக்குப் போனோம். பச்சை உடை மாற்றித் தள்ளுகட்டிலில் படுக்க வைத்துவிட்டார்கள். இடது கையில் டிரிப் ஊசி. நர்ஸ் போர்வையை விலக்கினாள்.

"தாத்தா, மறுபடியும் இதா? பூட்டி வச்சு ரசீது தரேன்னு சொன்னேன்ல?"

"பூட்டுக்குச் சாவி யார்கிட்ட?"

"எங்கிட்ட."

"உன் பேரு?"

"அட, கழட்டுங்க தாத்தா! டாக்டர் அஞ்சு நிமிஷம்தான் காத்திருப்பார். இன்னைக்கும் போனீங்கன்னா எழுதி வாங்கிக்கிட்டுத்தான் அனுப்புவோம்."

"எழுதிக்கோ. தியன், வண்டிய எடு."

அவர் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. வரும் வழியிலேயே இரண்டு முறை வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகியிருந்தார். வண்டியை எடுத்தால் இவர் வீடு போய்ச் சேர மாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சொன்னால் அந்த அதிர்ச்சியிலேயே குழாய் வெடிக்கலாம். வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"என்னய்யா, காது கேக்கல?"

"முதலாளி, அத அவுத்துருங்க. அது செத்துப்போயி பத்தொன்பது நாள் ஆச்சு."

நர்ஸ் என்னைப் பார்த்தாள். அவர் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேப்பர்ல போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"எத்தனாம் பக்கம்?"

"ஏழு. தொலைஞ்சுபோன நாய்க்குட்டிக்குக் கீழ."

அவர் வயிறு குலுங்கியது. வலியோ என்று பயந்து குனிந்தேன். சிரிக்கிறார்.

"நாய்க்குட்டிக்குக் கீழயா? மேல போடக் காசில்லையா என் பொண்ணுக்கு?" பிறகு சிரிப்பு நின்றது. "நீயுமாய்யா?"

"நான்தான் வண்டி ஓட்டுனேன்."

"ஓட்டத்தானே வச்சிருக்கேன்."

கயிற்றை ஒரு கையால் தடவினார். "அவுத்துவிடு" என்றார். நர்ஸ் வர, "நீ இல்லம்மா, அவன்" என்றார். முடிச்சை அவிழ்க்க எனக்கு நேரம் பிடித்தது. அவிழ்த்தபோது இடுப்பைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு. முப்பது வருஷமாக வெயில் படாத இடம். அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

"லேசா இருக்கா முதலாளி?"

"குளிருது."

வராந்தாவில் காலணிச் சத்தம். லிச்சுன் ஓடி வந்தாள். உறவுக்காரர் சம்மதத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். என் கையில் தொங்கிய சிவப்புக் கயிற்றைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"அப்பா..."

"வா. அழறத அப்புறம் வச்சுக்கலாம். டாக்டர் காத்திருக்கார்."

நர்ஸ் தாளை நீட்டினாள். லிச்சுன் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ரத்தப்போக்கு, சிறுநீரகம், மரணம் என்று கீழே கீழே போனது பட்டியல். படிக்கப் படிக்க அவளுடைய இடது கை மேலங்கியின் மேல் இடுப்போரம் போய் அழுந்தியது. அந்தக் கையை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். ஒரு வாரமாக ஆலைக் கேன்டீனில் அவள் ஒரு கையால்தான் நூடுல்ஸ் சாப்பிட்டாள்.

படித்து முடித்தாள். மேலங்கியை விலக்கினாள். சிவப்புக் கயிற்றின் நுனியில் புது முத்திரை. அதை வாய்க்கருகில் கொண்டுபோய் 'ஹா' என்று ஊதினாள்.

"அக்கா, இது ஆஸ்பத்திரி. கையெழுத்துப் போதும்" என்றாள் நர்ஸ்.

லிச்சுன் முத்திரையை அப்படியே வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றாள். காது வரை சிவந்துவிட்டது. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

முதலாளி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலை நகர்த்த ஆரம்பித்ததும் "நில்லு, நில்லு" என்றார். "லிச்சுன், கிட்ட வா."

வந்தாள். வலது கையை நீட்டி அவள் இடுப்புக் கயிற்றைப் பிடித்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். முடிச்சின் நுனியை விரலால் தேடினார். அவரே அவளுக்குச் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்த முடிச்சு. இடது கை ஊசியோடு கட்டிலில் கட்டப்பட்டிருந்தது. ஒரு கையால் இழுத்தார். இறுகியது. மறுபடி இழுத்தார். இன்னும் இறுகியது.

"அப்பா, விடுங்க, வலிக்குது."

"நீயே அவுத்துரும்மா. நான் வர்றதுக்குள்ள அவுத்துரு."

"சரிப்பா."

கதவு மூடிக்கொண்டது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. நானும் லிச்சுனும் பெஞ்சில் உட்கார்ந்தோம். நாலு மணி நேரம் ஆகும் என்றார்கள்.

"தியன் மாமா, அவுத்தா எங்க வைக்கிறது?"

என் கையிலிருந்த பழைய முத்திரையைப் பார்த்தேன். அதை எங்கே வைப்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

சுவரில் கடிகாரம் ஒன்பது நாற்பதைக் காட்டியது. அவள் கை இடுப்பிலேயே இருந்தது.