உப்பு மேட்டில் ஓர் இமயமலை

பட்டாளத்துப் பிள்ளைகள் என்றால் பனியில்தான் நிற்பார்கள் என்பது மரக்காணம் உப்பள முதலாளி பக்தவச்சலத்தின் முடிந்த முடிவு. பனியை அவர் டிவியில்தான் பார்த்திருக்கிறார். அதனால் என்ன? ‘இளம் வீரர் ஆதரவுப் பேரவை’ என்று ஒன்றை ஆரம்பித்து, தலைவராகத் தன்னையே போட்டுக்கொண்டு, அந்த வட்டாரத்துப் பையன்களுக்கெல்லாம் கம்பளிச் சட்டையும் குரங்குக் குல்லாவும் அனுப்பிக்கொண்டிருந்தார். ஆராயியின் ஒரே மகன் செந்தமிழ் அக்னிவீராகச் சேர்ந்து ராஜஸ்தான் பாலைவனத்தில் வெந்துகொண்டிருந்தான். அவனுக்கும் ஒரு பார்சல் போனது.

“அங்க மணல்தான் இருக்குதாம் ஐயா, பனி இல்லையாம்” என்று ஆராயி சொல்லிப் பார்த்தாள்.

“உனக்கு இன்னா தெரியும்? சும்மா இரு” என்று அவர் அவள் வாயை அடைத்துவிட்டார்.

ஆராயிக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பக்தவச்சலத்தின் அளத்தில் உப்பு வாரியவள். வெயிலில் அந்த வெள்ளையையே பார்த்துப் பார்த்து இரண்டு கண்ணும் போனதாக அவள் சொல்வாள். புரை என்றார் டாக்டர். போன தடவை லீவில் வந்த மகனின் முகத்தை அவள் கையால் தடவித்தான் பார்த்தாள். அடுத்த தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குக் காசு வேண்டாம், துணைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று. அக்கம்பக்கத்துப் பெண்களோ உப்பு வாரப் போகிறவர்கள். மும்முரமான சித்திரையில் ஒரு நாள் வராவிட்டால் முதலாளி மறுநாளே வேறு ஆளை இறக்கிவிடுவார். தனியாகப் போனவளை இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அந்தச் சமயம் பார்த்துப் பேரவைக்கு ஆண்டு விழா வந்தது. மண்டபமெல்லாம் வேண்டாம், அளத்திலேயே வைப்போம் என்றார் தலைவர். உப்புக் குவியலை மூடியிருந்த கீற்றை எடுத்துவிட்டு, உச்சியில் ஒரு கொடியை நட்டு, முன்னால் மேடை போட்டால் போட்டோவில் அசல் இமயமலை! பேரவைக்காரர்கள் அனைவரும் சித்திரை வெயிலில் கம்பளிச் சட்டையும் குல்லாவுமாக வரிசையில் நின்றார்கள். ஒருவர் மயங்கி விழுந்தார். “எல்லையில நம்ம பசங்க படுற கஷ்டத்த நாமளும் கொஞ்சம் படணுங்க!” என்று மைக்கில் முழங்கிய பக்தவச்சலம் மட்டும் மெல்லிய கதர்ச்சட்டை போட்டிருந்தார்.

வீரனின் தாய் என்று ஆராயியை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். பெரிய திரையில் செந்தமிழை வீடியோ காலில் கூப்பிட்டார்கள். ஊரே அவனைப் பார்த்தது. பெற்றவளுக்கு மட்டும் ஏதோ பச்சையாக அசைந்தது தெரிந்தது.

“தம்பி, இன்னும் இன்னா வேணும்? கூச்சப்படாத கேளு. பேரவை உயிரையே குடுக்கும்!” என்றார் பக்தவச்சலம்.

“உயிரெல்லாம் வேணாங்க ஐயா. எங்கம்மாவுக்குக் கண்ணு ஆபரேஷன். தொணைக்கு ஆள் இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. யாராவது ஒருத்தர் கூடப் போனா போதுங்க.”

கம்பளிச் சட்டைகள் ஆளுக்கொரு திசையைப் பார்த்தன. “ஹலோ... ஹலோ... டவர் இல்ல போல” என்ற பக்தவச்சலம், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பேரவைக்காரன் முருகையனுக்குக் கண்ணைக் காட்டினார். முருகையன் ஒயரைப் பிடுங்கினான். திரை இருண்டது.

டவர் கதையை ஆராயி நம்பவில்லை. பிள்ளை கேட்டது ஒரே ஒரு ஆளை. அதற்குக்கூட வக்கில்லாதவர்களா உயிரைக் கொடுக்கப் போகிறார்கள்? அந்தப் பக்கத்து மேடைகளில் ஒரு வழக்கம் உண்டு. இன்ன காரியத்தைச் செய்கிறார் என்று சொல்லிச் சால்வை போர்த்திவிட்டால், போர்த்தப்பட்டவர் அதைச் செய்தே தீர வேண்டும். வாங்கிக்கொண்டு நழுவினால் ஊர் சிரிக்கும். பக்தவச்சலத்துக்கோ உள்ளாட்சித் தேர்தலில் நிற்கும் ஆசை வேறு. ஆராயி தன் தோளில் கிடந்த பொன்னாடையை உருவி, குரல் வந்த திசையில் துழாவிப்போய் அவர் தோளில் போட்டாள். மைக்கும் கையில் அகப்பட்டது.

“நாளைக்கி ஐயாவே அவரு கார்ல என்னைய ஆஸ்பத்திரிக்கிக் கூட்டிட்டுப் போறாருங்க! எல்லாரும் கை தட்டுங்க!”

உப்பு வாரும் பெண்கள் தட்டிய தட்டு கடற்கரைவரை கேட்டிருக்கும். போட்டோவும் எடுத்தாயிற்று. பக்தவச்சலம் பல்லைக் கடித்துக்கொண்டு கும்பிட்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவரை யாருக்கும் தெரியவில்லை. “ஆராயிக்குத் தொணைக்கி வந்தது யாரு? அந்தம்மாவுக்கு டீ வாங்கிட்டு வாங்க” என்று நர்ஸ் விரட்டினாள். வாங்கி வந்தார். ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்தது. கட்டுப் பிரிக்க மறுநாளும் வரச் சொன்னார்கள். வந்தார்.

கட்டைப் பிரித்ததும் ஆராயிக்கு முதலில் வெளிச்சம் தெரிந்தது. பிறகு ஒரு முகம். செல்லை நீட்டிப் பிடித்து, அவளையும் சேர்த்துப் படம் எடுக்கத் தயாராகச் சிரித்துக்கொண்டிருந்தார் பக்தவச்சலம்.

“தள்ளுங்கய்யா. உங்க மூஞ்சியப் பாக்கவா கண்ணத் தொறந்தேன்? அந்த போன்ல எம்புள்ளையக் கூப்புடுங்க.”

கூப்பிட்டார். செந்தமிழ் வந்தான். கறுத்துப் போய், கன்னம் ஒட்டி, உதடு வெடித்து. ஆராயி திரையோடு முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். சந்தோஷம் தாங்காமல் அழுகை முட்டியது.

“அழாதம்மா, மருந்து போட்ட கண்ணு” என்றாள் நர்ஸ். “அடுத்த மாசம் அந்தக் கண்ணையும் பண்ணிடலாம். தொணைக்கி ஆள் இருக்குதில்ல?”

“இதோ நிக்கிறாரே” என்றாள் ஆராயி.

“ரொம்ப நன்றிங்க ஐயா!” என்றான் போனிலிருந்து செந்தமிழ். டவர் நன்றாகவே இருந்தது.